முழுநேர வேலை வந்திருக்கிறது, கையில் டியூஷனும் கணக்கு வேலையும் இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், பாட்டு வகுப்பு நடத்துபவர்கள், இரண்டு மூன்று கடைகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுபவர்கள் என்று நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் யாருக்காவது முழுநேர வேலை கிடைத்துவிட்டால், ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு வந்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். சம்பளத் தொகைகள் உதாரணத்துக்கு. வரி விவரம் 2025-26 நிதியாண்டு நிலவரம்.

ஃபுல் டைம் வேலை வந்திருக்குங்க. இருக்கிற சின்னச் சின்ன வேலையை எல்லாம் விட்டுடணுமா?

விட வேண்டியதில்லை. முழுநேர வேலை வந்ததும் கையில் இருப்பதை எல்லாம் ஒரே வாரத்தில் உதறிவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதுதான் எனக்கு வருத்தம். நான்கைந்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பிள்ளைகள், நம்பி சாவியைக் கொடுக்கிற கடைக்காரர்கள் எல்லாம் போன பிறகு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

வேலையா, டியூஷனா என்று இரண்டில் ஒன்றாகப் பார்க்காதீர்கள். வேலைக்குப் போனால் எதை வைத்துக்கொள்ள முடியும், எதை ஒப்படைக்க வேண்டும், எதை இந்த வருஷக் கடைசி வரை மட்டும் ஓட்டலாம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்கு முதலில் ரூபாய்க் கணக்கு வேண்டும்.

ஆஃபர்ல வருஷத்துக்கு 3 லட்சம்னு போட்டிருக்கு. மாசம் 25 ஆயிரம் கைக்கு வந்துடும்ல?

வராது. லெட்டரில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவு செய்கிற மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி உங்கள் பி.எஃப்.புக்குக் கட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த 25,000-க்குள்தான் இருக்கும். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று சுமார் 720 ரூபாயும், குரூப் இன்சூரன்ஸுக்கு ஒரு 300 ரூபாயும் அதிலேயே அடங்கியிருக்கலாம். மிச்சம் 22,180.

இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரியும் உண்டு, அது வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. எல்லாம் போகக் கையில் 20,200 ரூபாய்க்குப் பக்கமாக வரும். சேரும் முன் எச்.ஆரிடம், “எல்லாப் பிடித்தமும் போக மாதம் வங்கியில் எவ்வளவு விழும்?” என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்ப டியூஷன்லயும் மூணு கடைக் கணக்குலயும் சேர்த்து 17 ஆயிரம் வருது. 20 ஆயிரம்னா லாபம்தானே?

மாதக் கணக்கு போட்டால் அப்படித் தெரியும். வருஷக் கணக்கு போடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், தலைக்கு 800 என்றால் மாதம் 9,600. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் டியூஷன் கிடையாது, ஆகவே பத்து மாதத்துக்கு 96,000. கடைக்கு 2,500 வீதம் மூன்று கடைக்கு மாதம் 7,500, வருஷத்துக்கு 90,000. மொத்தம் 1,86,000. மாதச் சராசரி 15,500தான். வேலையில் கைக்கு வருவது வருஷத்துக்கு 2,42,400. வித்தியாசம் 56,400 ரூபாய், அதாவது மாதம் 4,700. இதில் வெளியில் சாப்பிடுகிற செலவு, பெட்ரோல், இரண்டு செட் நல்ல துணி எல்லாம் போகும். (சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போகும் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது என்பதால் அந்தச் செலவு மிச்சம்.)

அடுத்து மணிக் கணக்கு. டியூஷன் மாதம் 22 நாள், நாளுக்கு 2 மணி நேரம். கடைக் கணக்குக்கு 30 மணி நேரம். மொத்தம் 74 மணி நேரம், மணிக்கு 230 ரூபாய் விழுகிறது. வேலையோ 26 நாள், சாப்பாட்டு நேரத்தோடு நாளுக்கு 9 மணி நேரம். துடியலூரிலிருந்து சூலூர் பக்கம் போய்வர நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் மாதம் 299 மணி நேரம். மணிக்கு 68 ரூபாய்கூட இல்லை. இந்த இரண்டு கணக்கையும் உங்கள் சொந்தத் தொகைகளை வைத்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வீட்டில் பேசும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

மணிக்கு இவ்வளவுன்னு பார்த்தா வேலைக்கே போகக் கூடாது போல இருக்கே?

அப்படியும் இல்லை. டியூஷனில் கிடைக்காத சில விஷயங்கள் சம்பளத்தோடு வருகின்றன. பி.எஃப்.பில் மேலே சொன்ன உதாரணப்படி உங்கள் 1,800-ம் கம்பெனியின் 1,800-ம் மாதாமாதம் கட்டப்படும். கம்பெனி பங்கில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. சர்வீஸில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு கிடைக்கும். அதற்கு உங்கள் பங்காக ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருஷமே போதும். உங்கள் ஆர்டரில் அது எந்த மாதிரி நியமனம் என்று பாருங்கள். பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. டியூஷன் எடுக்கும் ஒருவர் பிரசவத்துக்காக நிறுத்தினால் அந்த மாதங்களுக்கு வருமானமே இல்லை. கல்யாணமாகிக் குழந்தை பற்றி யோசிக்கிற வயதில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றே தராசைச் சாய்த்துவிடும், சாய்க்கவும் வேண்டும்.

சம்பளம் 21 ஆயிரத்துக்குள்ள இருந்தா ஈ.எஸ்.ஐ. பிடிப்பாங்களாமே? வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாமா?

முடியாது. ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருந்து, கம்பெனியும் ஈ.எஸ்.ஐ.க்குள் வந்தால் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தமும் அப்படி ஒன்றும் பெரிசில்லை, 0.75 சதவீதம். 18,000 சம்பளத்துக்கு 135 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் போடும். அதற்கு உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கிற குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. நம் ஊரில் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. உடம்பு முடியாமல் போனால் தகுதி நாட்களைப் பொறுத்து வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு.

வயதான அப்பா அம்மாவோடு இருப்பவர்கள் 22,000 சம்பளத்தையும் 20,500 சம்பளத்தையும் ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். சம்பளம் அதிகம் என்று எடுத்த 22,000 ரூபாய் வேலை ஈ.எஸ்.ஐ.யை இழக்க வைத்து, தனியாக இன்சூரன்ஸ் பிரீமியம் கட்ட வைத்தால் அந்த 1,500 ரூபாய் அங்கேயே போய்விடும்.

வேலையில இருந்துக்கிட்டே சாயங்காலம் டியூஷன் எடுத்தா கம்பெனி கேட்குமா?

அது உங்கள் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. “நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வேறு எந்த வேலையிலும் தொழிலிலும் ஈடுபடக் கூடாது” என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதி இல்லாமல் என்றுதான் இருக்கிறது என்றால் அனுமதி கேட்க வழி இருக்கிறது என்று அர்த்தம்.

2022-ல் ஐ.டி. துறையில் இது பெரிய பேச்சானது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அந்த செப்டம்பரில் சொன்னார். அதற்கு முந்தின மாதம்தான் ஸ்விக்கி, சில நிபந்தனைகளோடு வெளி வேலை பார்க்கலாம் என்று தன் ஊழியர்களுக்கு அனுமதி அறிவித்திருந்தது. ஆக, கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுகிறது. தொழிற்சாலையில் சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கக் கூடாது என்பது 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வருகிற தடை. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது அதில் வராது.

அவங்களுக்கு எப்படிங்க தெரியப் போவுது?

இன்னொரு இடத்திலும் பி.எஃப். பிடித்தால் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே யு.ஏ.என். எண்ணில் (பி.எஃப்.புக்காக ஒருவருக்குத் தரும் நிரந்தர எண்) பதிவாகும். டியூஷன், கடைக் கணக்கு போன்றவற்றில் பி.எஃப். கிடையாது. உங்கள் வருமான வரித் தகவல் அறிக்கையைக் கம்பெனி தானாக எடுத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் ஊர் சின்னது. உங்களிடம் படிக்கிற பிள்ளையின் அப்பா உங்கள் மேனேஜருக்குத் தெரிந்தவராக இருப்பார்.

அதைவிட முக்கியம், மறைத்துச் செய்கிற வேலை நிம்மதியைக் கெடுக்கும். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், டியூஷன் எடுத்தது பிரச்சினையாக இருக்காது, சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினையாகும். சொல்லிவிடுங்கள்.

சரி, எப்ப சொல்றது? இன்டர்வியூலயேவா?

இன்டர்வியூவில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், ஆஃபர் வந்த பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சொல்வது நல்ல நேரம். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் சொல்லிவிட்டு ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

“வேலை வாய்ப்புக்கு நன்றி. வார நாட்களில் இரவு 7.30 முதல் 9 வரை என் வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துவருகிறேன். இது அலுவலக நேரத்துக்கு வெளியே நடப்பது, நிறுவனத்தின் தொழிலுக்கும் தொடர்பில்லாதது. இதைத் தொடர அனுமதி வேண்டுகிறேன்.”

வாய்வார்த்தையாக “அதெல்லாம் பரவாயில்லைங்க” என்று சொல்கிற மேனேஜர் ஆறு மாதத்தில் மாறிப் போகலாம். மெயில் இருக்கும்.

ஸ்கூல்லயே டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. வீட்டு டியூஷன் தொடரலாமா?

இங்கே கவனமாக இருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான சட்டம் அது. அரசு வேலை என்றால் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்ளும், அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்யக் கூடாது. பல பேர் எடுக்கிறார்களே என்பார்கள். யாராவது புகார் கொடுத்தால் நிற்க வேண்டியது நீங்கள்தான். பள்ளி வேலைக்குப் போகிறவர்கள் டியூஷன் வருமானம் நின்றுவிடும் என்றே வைத்துக் கணக்கு போடுங்கள்.

ரெண்டு வருமானமும் சேர்ந்தா வரி கட்டணுமா?

பெரும்பாலும் இல்லை. புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருக்கிறது. சம்பளத்திலிருந்து நிலையான கழிவு 75,000 தனி. மேலே சொன்ன சம்பளமும் ஒரு லட்சம் டியூஷன் வருமானமும் சேர்ந்தால் நாலு லட்சத்துக்கு உள்ளேதான் நிற்கும். வரி பயத்தில் டியூஷனை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்கு அவசியமே இல்லை. ஒரே ஒரு மாற்றம், டியூஷன், கணக்கு எழுதும் வருமானம் எல்லாம் தொழில் வருமானம். ஆகவே எளிய ஐ.டி.ஆர்-1 படிவம் உங்களுக்கு ஆகாது, 3 அல்லது 4 வேண்டும். வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்துவிடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சம்பளம் பெரிதாக இருப்பவர்கள்தான் மாட்டுவார்கள். சரவணம்பட்டியில் வருஷம் 11 லட்சம் வாங்குகிற ஒருவர், வெளி வேலையில் செலவு போக 3 லட்சம் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். சம்பளத்தை மட்டும் பார்த்து, 75,000 கழித்து 10.25 லட்சம்தானே என்று கம்பெனி ஒரு ரூபாய் வரியும் பிடிக்காது. ஆனால் மொத்தம் 13.25 லட்சம் ஆகி, தள்ளுபடி முழுதும் போய்விடும். செஸ்ஸோடு 81,900 ரூபாய் வரி ஒரே தவணையாக முன்னால் வந்து நிற்கும். வரி 10,000-க்கு மேல் போனால் முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டியும் சேரும். கணக்கியல், பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு, வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்ட வழி இருக்கிறது. அந்த 3 லட்சம் மொத்த வரவாக இருந்து பாதியை மட்டும் காட்டினால், மொத்தம் 11.75 லட்சம், வரியே இல்லை. அது உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டுத்தான் வெளி வேலையின் லாபத்தை எடைபோட வேண்டும்.

பத்தாவது படிக்கிற பசங்க என்கிட்ட இருக்காங்க. நடுவுல விட்டுட்டுப் போறதா?

கூடாது என்பேன். பணத்துக்காக அல்ல. டிசம்பரில் அரையாண்டு, அப்புறம் திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத் தேர்வு என்று ஓடுகிற பிள்ளையிடம் ஜனவரியில் “நான் வரமாட்டேன்” என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குப் பெரிய அடி. கணக்குப் பாடத்தில் பயந்த பிள்ளை என்றால் இன்னொருவரிடம் பழகவே ஒரு மாதம் போகும்.

வழி இல்லாமல் இல்லை. முதலில் சேரும் தேதியைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று வாரம் தள்ளித் தருவார்கள். அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை மட்டும் இரவிலும் ஞாயிறு காலையிலும் பொதுத் தேர்வு வரை வைத்துக்கொண்டு, ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆசிரியரிடம் அனுப்புங்கள். பெற்றோரிடம் பிள்ளை மூலமாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே பேசுங்கள். எந்தப் பாடம் எதுவரை முடிந்திருக்கிறது, பிள்ளை எதில் திணறுகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் மீதியைக் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இப்படி விடைபெற்ற ஆசிரியரிடம் அந்த வீட்டின் அடுத்த பிள்ளையும் வரும்.

கடைக் கணக்குக்கு மாசாமாசம் தேதி இருக்கு. வேலைக்குப் போயிட்டு அதைச் செய்ய முடியுமா?

மூன்று கடையும் மாதத் தாக்கல் என்றால் கஷ்டம். ஜி.எஸ்.டி.க்காக 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்குக் காட்டிக் கட்டும் 3பி படிவம். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வட்டி தனி. அந்த அபராதம் கடைக்காரர் தலையில் விழும், பேர் உங்களுக்குக் கெடும்.

ஆனால் வருஷ விற்றுமுதல் 5 கோடிக்குள் இருக்கிற கடைகள் காலாண்டு முறைக்கு மாறலாம். அப்போது தாக்கல் வருஷத்துக்கு நாலு முறைதான். தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள் ஒன்று, 22-க்குள் மற்றொன்று. நடுவில் உள்ள இரண்டு மாதங்களில் 25-ஆம் தேதிக்குள் பணம் மட்டும் கட்டினால் போதும். பொது மக்களுக்குச் சில்லறை வியாபாரம் செய்கிற கடைக்கு இது நன்றாகவே ஒத்துவரும். வேறு கம்பெனிகளுக்குச் சரக்குக் கொடுக்கிற பட்டறை என்றால், அவர்களின் வாடிக்கையாளர்கள் மாதாமாதம் வரி வரவை (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வதை) எதிர்பார்ப்பார்கள். அதற்குப் பில் மட்டும் ஏற்றுகிற வசதி உண்டு, ஆனால் உங்கள் வேலை பழையபடி மாதாமாதம் வந்துவிடும். ஆகவே சில்லறைக் கடையை வைத்துக்கொண்டு பட்டறையை ஒப்படைப்பது பலருக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஒப்படைக்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டும் கொடுத்தால் பத்தாது. பதிவில் உங்கள் செல்போன் எண்ணும் மெயிலும் இருந்தால் ஓ.டி.பி. உங்களுக்கே வந்துகொண்டிருக்கும், அதைக் கடைக்காரரின் எண்ணுக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்களிடம் இருந்தால் கையோடு கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

புதுக் கம்பெனியும் அக்கவுன்ட்ஸ் வேலைதான். “வெளியில கணக்கு எழுதறதை விட்டாத்தான் ஆர்டர்”ங்கறாங்க. அவங்க அப்படிச் சொல்லலாமா?

சொல்லலாம். வேலையில் இருக்கும் காலத்துக்கு இப்படி நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை உண்டு. வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால் அது வேறு விஷயம், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அந்த மாதிரி தடை பொதுவாகச் செல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த நிலையில் மூன்றாவது கேள்வியில் போட்ட தாளை எடுங்கள். கணக்கு வேலை வருமானம் 90,000 நிற்கப் போகிறது என்பதைச் சம்பளப் பேச்சில் சொல்லலாம். “இதை விட்டு வருகிறேன், மாதம் 2,000 சேர்த்துத் தர முடியுமா?” என்று கேட்பது நியாயம்தான். தரமாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

மூணு மாசம் போய்ப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னா வந்துடலாம்னு நினைக்கிறேன். சரியா?

சரிதான், மூன்று வரிகளைப் படித்துவிட்டுப் போனால். தகுதிகாண் காலம் எவ்வளவு, அந்தக் காலத்தில் விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ், பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா. பாண்டு எல்லாம் சும்மா, கோர்ட்டில் நிற்காது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் விளையாட்டாகக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளைக் கேட்டால் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

போய்ப் பார்க்கிற காலத்தில் ஒரு சிறு டியூஷன் குழுவையாவது கையில் வைத்திருங்கள். திரும்பி வந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

காலையில ஆறு டு எட்டு டியூஷன், ஒன்பதுக்கு வேலை, நைட்டு ஏழரைக்குத் திரும்ப டியூஷன். சமாளிச்சுடலாம்ல?

இரண்டு மாதம் சமாளிப்பீர்கள். அதற்குப் பிறகு முதலில் கெடுவது தூக்கம், அடுத்தது பாடம். பத்து மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வருகிறவரிடம் பிள்ளை மூன்றாவது முறையாக அதே சந்தேகத்தைக் கேட்டால் எரிச்சல் வரும், அந்தப் பிள்ளை மறுபடி கேட்காது.

காலை, இரவு இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். எட்டுப் பிள்ளைகளோடு வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலே 6,400 ரூபாய் வருகிறது. சம்பளத்தோடு சேர்த்தால் 26,600, இது நீங்கள் இப்போது வாங்குவதை விட எவ்வளவோ மேல். கடைக் கணக்கும் வைத்துக்கொள்ள ஆசை என்றால் ஒரு கடை, அதுவும் காலாண்டுத் தாக்கல் கடை. வீட்டில் சமையலும் உங்கள் தலையில்தான் என்றால், வேலைக்குப் போகும் முன்பே வீட்டு வேலையை யார் யார் எடுத்துக்கொள்வது என்று பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் போகிற பெண்கள்தான் ஆறு மாதத்தில் நல்ல வேலையை விட்டு வருகிறார்கள், அவர்களிடம் திறமை இல்லை என்று ஊர் பேசும்போது எனக்குக் கோபமாக வரும்.

“ஒரு இடத்துல ஒழுங்கா வேலைன்னு இருந்தாத்தான் மதிப்பு”ன்னு வீட்டுல சொல்றாங்க. லோனும் கிடைக்காதாமே?

சம்பளச் சீட்டு இருந்தால் வங்கியில் கடன் சுலபம் என்பது உண்மை. ஆனால் சுயமாகச் சம்பாதிப்பவர்களுக்கும் வங்கிகள் கடன் தருகின்றன, இரண்டு மூன்று வருஷத்து வருமான வரித் தாக்கலைக் கேட்பார்கள். வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். டியூஷன் ஃபீஸை ரொக்கமாக வாங்கிச் செலவழித்துவிடாமல் யு.பி.ஐ. மூலம் ஒரே கணக்கில் வரவு வைத்தால் காட்டுவதற்கு ஆதாரமும் சேரும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்கிற கவலைக்கு என்னிடம் கணக்கு இல்லை. பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளையை நம்பி அனுப்புகிற இடம் மதிப்புள்ள இடம் என்றுதான் நான் நினைக்கிறேன், அப்படிக் கவலைப்படுகிற வீட்டுப் பெரியவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

அப்ப வேலையே வேண்டாம்னு சொல்லிட்டு, இருக்கிறதையே பெருசு பண்ணினா என்ன?

செய்யலாம், ஆனால் சம்பளம் தருகிற பாதுகாப்பை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு முதல் வேலை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. வங்கிக் கணக்கு வழியாக வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. பி.எஃப்.புக்குப் பதிலாக மாதம் ஒரு தொகை பி.பி.எஃப்.பில் (வேலையில் இல்லாதவர்களும் தொடங்கக்கூடிய பொது வருங்கால வைப்பு நிதி) போடுங்கள். ஏப்ரல், மே வருமானம் இல்லாத மாதங்களுக்கென்று இரண்டு மாதச் செலவு தனியாக இருக்க வேண்டும். இவற்றுக்கு எல்லாம் ஒதுக்கிய பிறகும் வருஷ மிச்சம் சம்பளத்தை நெருங்கினால், வேலையை மறுப்பதில் தப்பே இல்லை. நெருங்கவில்லை, ஆனால் இரண்டு வருஷத்தில் நெருங்கும் என்றால் இன்னும் எத்தனை பிள்ளை, எத்தனை கடை சேர வேண்டும் என்று எண்ணிக்கையாக எழுதிப் பாருங்கள். வெறும் நம்பிக்கையில் மறுக்காதீர்கள்.

ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு திரும்ப டியூஷனுக்கே வந்தா, பி.எஃப். பணத்தை எடுத்துடலாமா?

அவசரம் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். ஐந்து வருஷம் முடிவதற்குள் எடுத்தால் வரிக் கணக்கில் சேரும். அதோடு ஓய்வூதியத்துக்கான பத்து வருஷம் விட்டு விட்டும் சேரலாம். பின்னால் வேறு வேலைக்குப் போனால் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுங்கள், இந்த இரண்டு வருஷமும் அதில் கூடும். ஓய்வூதியத் தொகையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் போய்விடும். வேலையை விடும்போது கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பி.எஃப். தளத்தில் பதிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.